கதவு வரை போகாத எச்சரிக்கை

கத்திரி தொடங்குவதற்கு முன்பே வெயில் பற்றிய அறிவிப்புகள் தொடங்கிவிடுகின்றன. பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெளியே வராதீர்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள், முதியவர்களையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சரியான அறிவுரைதான். ஆனால் இதைக் கேட்டு, புரிந்துகொண்டு, அதன்படி நடக்க முடிந்தவருக்கு ஆபத்து ஏற்கெனவே பாதி குறைந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கும், மனநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு தனி அறையில் முடங்கியிருப்பவருக்கும், பகலெல்லாம் ஷீட் கூரைக்கடியில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும் அந்த அறிவிப்பு போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் அதை வைத்துக்கொண்டு அவர்களால் ஆகக்கூடியது அதிகமில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் வெப்பத்தால் மக்களைப் பறிகொடுத்த நகரங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தெரிகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெயிலில் நடந்து போய்ச் சுருண்டு விழுந்தவர்கள் அல்லர். வீட்டுக்குள், யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் போனவர்கள். ஆகவே எளியவர்களைக் காப்பதை விளம்பரத்தின் பொறுப்பில் விட முடியாது. பெயர் தெரிந்த ஒருவரை, பெயர் தெரிந்த இன்னொருவர் நேரில் போய்ப் பார்ப்பதாக அந்த வேலை மாற வேண்டும். அதற்கு வேண்டிய பட்டியலும் ஆட்களும் தமிழ்நாட்டில் உண்டு. இரண்டையும் வெயிலோடு யாரும் இன்னும் சரியாக இணைக்கவில்லை.

வெப்பம் கொல்லும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்பது விளங்கும். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரண்டு வழிகளைத்தான் நம்பியிருக்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று. வியர்வையை ஆவியாக்குவது மற்றொன்று. முதல் வழியில் இதயம் வழக்கத்தைவிட வேகமாக உழைக்க வேண்டும். பழுதுபட்ட இதயத்துக்கு அதுவே தாங்க முடியாத சுமை. இரண்டாவது வழிக்கு உடம்பில் நீரும் வேண்டும், காற்றில் ஈரம் குறைவாகவும் இருக்க வேண்டும். வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாக உணர்வும் மங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் நீர் மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை இறக்குகின்றன. மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையும் உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டையும் குலைக்கின்றன. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாறும், பேச்சு குழறும், நினைவு தப்பும். கொடுமை என்னவென்றால், தனக்கு ஆபத்து என்று உணரும் திறமையைத்தான் வெப்பம் முதலில் பறிக்கிறது. அந்த நிலையில் இருப்பவர் தானே போனை எடுத்து 108-ஐ அழைப்பார் என்று எந்தத் திட்டமும் நம்பக்கூடாது. அவருடைய பேச்சில் மாற்றம் இருப்பதைக் கவனிக்க இன்னொரு ஆள் அங்கே இருந்தாக வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் விரிவாகப் படித்தது அமெரிக்காவின் சிகாகோவில். 1995 ஜூலை 13 அன்று அங்கே வெயில் 41 டிகிரியைத் தொட்டது. ஈரப்பதமும் கூடவே இருந்தது. அந்த ஒரு வாரத்தில் வழக்கத்துக்கு மேல் 739 பேர் இறந்தார்கள். சவக்கிடங்கில் இடமில்லாமல் குளிரூட்டப்பட்ட லாரிகளை வரவழைத்தார்கள். மேயர் முதலில் அந்த எண்ணிக்கையையே சந்தேகித்தார். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் பிறகு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரே வெயில், ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே அளவு வறுமை, அக்கம்பக்கத்தில் இருக்கும் இரண்டு பகுதிகள், ஒன்றில் லட்சத்துக்கு 40 பேரும் மற்றொன்றில் லட்சத்துக்கு 4 பேரும் இறந்தது எப்படி? வடக்கு லான்டேலில் தொழிற்சாலைகள் போய், கடைகள் மூடி, மக்கள் வெளியேறி, காலி மனைகளும் பயமுமாகத் தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. முதியவர்கள் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மிகுந்த தெற்கு லான்டேலில் கடைத்தெரு கலகலப்பாக இருந்தது. வெளியே போக ஒரு காரணம் இருந்தது, போன இடத்தில் குளிர்ச்சியும் தெரிந்த முகங்களும் இருந்தன. அந்தப் பகுதியில் தனியாக வாழ்ந்த வெள்ளையின முதியவர்களும் பிழைத்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பாசத்தால்தான் எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாதபடி அது செய்தது. இன்னொரு விவரமும் யோசிக்க வைக்கிறது. தனியாக வாழ்ந்தவர்களில் பெண்களே அதிகம், ஆனால் இறந்தவர்களில் வயதான ஆண்களின் விகிதமே கூடுதல். ஒரே ஆள் இருக்கும் வீடு என்பதைவிட, யாரும் தேடி வராத ஆள் என்பதுதான் உயிரைப் பறித்திருக்கிறது.

இந்த வாதத்துக்குச் சரியான எதிர்ப்பும் வந்தது. மிட்செல் டுனியர் என்ற சமூகவியலாளர் 2006-இல் எழுதிய கட்டுரையில், பகுதிவாரியான விகிதத்தை வைத்து ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்று முடிவுகட்டுவது தர்க்கப் பிழை என்று காட்டினார். தெருவின் நிலையைத் தனிமனிதனின் நிலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது நியாயம்தான். ஆனால் தெருவை விட்டுவிட்டுத் தனிமனிதர்களையே ஒப்பிட்ட ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. பல நாடுகளின் வெப்ப மரண ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, படுக்கையிலேயே இருப்போருக்கு இறக்கும் வாய்ப்பு 6 மடங்குக்கு மேல். மனநோய் உள்ளவருக்கும், தினமும் வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்கும் 3 மடங்குக்கு மேல். குளிர்ந்த இடத்துக்குப் போய் வந்தவர்களுக்கும், மற்றவர்களோடு தொடர்பை அதிகப்படுத்திக்கொண்டவர்களுக்கும் அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. உடல்நலம் உள்ளவர்தான் நாலு பேரோடு பழகுவார், அதனால் பழக்கம் காப்பாற்றியதாகத் தோன்றுகிறது என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. வெப்ப அலைக்கு நடுவே ஒரு பகுதி முதியவர்களைப் பார்க்காமல் விட்டுப் பரிசோதனை நடத்த யாருக்கும் மனம் வராது. ஆகவே இதற்குமேல் சுத்தமான நிரூபணம் கிடைப்பது கடினம். ஆனால் ஒருவரைப் போய்ப் பார்ப்பதால் கெடுதல் இல்லை, செலவும் அதிகமில்லை, உடற்கூறு சொல்வதும் அதனோடு ஒத்துப்போகிறது. செயலில் இறங்க இவ்வளவு ஆதாரம் போதும்.

பிரான்ஸ் கற்ற பாடம் இன்னும் கசப்பானது. 2003 ஆகஸ்டில் நாடே விடுமுறையில் இருந்தபோது வெப்ப அலை வந்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பாரிஸில் உறவினர் யாரும் வந்து கேட்காத 57 உடல்களை நகரத்துக்கு வெளியே தியே கல்லறையில் அடக்கம் செய்தபோது நாட்டின் அதிபரே நேரில் வந்து நின்றார். மறு ஆண்டே சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரின் மேயரும் தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் அதில் உள்ளவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும். 2006 ஜூலையில் மீண்டும் கடும் வெப்பம் வந்தபோது, பழைய கணக்குப்படி 6,400 பேர் கூடுதலாக இறந்திருக்க வேண்டும். இறந்தது சுமார் 2,000 பேர். ஏறத்தாழ 4,400 உயிர்கள் தப்பியதற்குப் பதிவேடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. 2003-இன் அதிர்ச்சியால் மக்களே விழிப்பாக இருந்தார்கள், முதியோர் இல்லங்களில் குளிர்ந்த அறைகள் வந்திருந்தன. பதிவேட்டுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அதில் சேர்வது அவரவர் விருப்பம் என்பதால் மிகச் சிலரே பெயர் கொடுக்கிறார்கள். யாரோடும் ஒட்டாமல் வாழ்பவர் தானாக முன்வந்து படிவம் நிரப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்காகத்தான் பதிவேடே தொடங்கப்பட்டது, அவர் பெயர்தான் அதில் இருக்காது. புதிதாகப் பட்டியல் போடுவதைவிட, வேறு காரணத்துக்காக ஏற்கெனவே போட்ட பட்டியலைப் பயன்படுத்துவது மேல் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூன் கடைசியில் நடந்தது, எச்சரிக்கை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. முன்னறிவிப்பு துல்லியமாகவே இருந்தது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மாகாணத்தின் மரண விசாரணைத் துறை 619 வெப்ப மரணங்களைக் கண்டறிந்தது. அதில் 98 விழுக்காடு வீடு, விடுதி போன்ற கட்டடங்களுக்குள் நடந்தவை. பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள், மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். பிறகு நடந்த ஆய்வில், இறந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. பொதுமக்களில் அது ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சிறுநீரக நோயையும் இதய நோயையும்விட இந்த நோய்க்கும் வெப்ப மரணத்துக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருந்ததைக் கண்டு ஆய்வாளர்களே வியந்தார்கள். வழக்கமான எச்சரிக்கைச் சுவரொட்டிகளில் இந்த நோயாளிகள் பெரிதாக இடம்பெறுவதில்லை. எளியவர் யார் என்று நம் மனத்தில் இருக்கும் சித்திரம் எப்போதும் முழுமையானதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவில் முதலில் விழித்துக்கொண்டது அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். 2013-இல் மாநகராட்சியும், காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் வெளியான மதிப்பீடு சொன்னது. அந்த நகரில் நடந்த ஒரு சிறு மாற்றம் பெரிய விளம்பரங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்தளத்தில், நேராக வெயில் காயும் கூரைக்குக் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் வெப்பத்தால் தீவிரச் சிகிச்சைக்கு வரும் பச்சிளங்குழந்தைகள் குறைந்தார்கள். ஆபத்தில் இருப்பவர் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்று யாரோ ஒருவர் பார்த்ததால் வந்த பலன் அது. பிற ஊர்கள் அகமதாபாதின் ஆவணத்தைப் பின்பற்றின. இந்தப் பார்வை அதோடு போகவில்லை. கொள்கை ஆராய்ச்சி மையம் 2023-இல் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களைப் பரிசீலித்தபோது, இரண்டே இரண்டு திட்டங்கள்தான் யாருக்கு, எங்கே ஆபத்து என்று முறையாக மதிப்பிட்டிருந்தன. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. மற்றவற்றில் ‘முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், வெளியில் வேலை செய்வோர்’ என்ற ஒரே வரி ஊருக்கு ஊர் அச்சேறியிருக்கிறது. அந்த வரியில் எந்தக் கதவின் எண்ணும் இல்லை.

இதெல்லாம் வெயிலைப் பழகாத குளிர்நாட்டுக் கதை, நமக்கு வெயில் புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கம் உடம்பைக் கொஞ்சம் தயார் செய்கிறது என்பது உண்மை. ஆனால் அகமதாபாத் மக்கள் வெயிலைப் பழகாதவர்கள் அல்லர். 2015-இல் கராச்சியிலும், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இறந்தவர்களும் அல்லர். பழக்கம் ஓரளவு வரைதான் துணை நிற்கும். வழக்கத்துக்கு மேலே போகும் அந்த மூன்று நான்கு டிகிரிதான் ஆளைக் கொல்கிறது. தமிழ்நாட்டின் ஆபத்துக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. கரூர் பரமத்தி, ஈரோடு, வேலூர், திருத்தணி பக்கம் வறண்ட அனல். கடற்கரை ஓரத்தில் 37 டிகிரியிலேயே மூச்சு முட்டும் புழுக்கம். கடல்காற்று தாமதமாகும் நாள்களில் வியர்வை உலராது. ஈரம் மிகுந்த காற்றில் 35 டிகிரி வரை மனித உடம்பு தாங்கும் என்று ஏட்டுக் கணக்கு ஒன்று இருந்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. இளம் வயதினரையே ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தபோது 31-ஐ ஒட்டியே உடம்பு தோற்கத் தொடங்கியது. முதியவருக்கு எல்லை இன்னும் கீழே. இதோடு இரவுப் புழுக்கத்தையும் சேர்க்க வேண்டும். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம் ராத்திரி முழுவதும் அதை அறைக்குள் கக்குகிறது. மொட்டை மாடிக்குப் போய்ப் படுக்க முடியாத முதியவரின் இதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பகல் உச்சத்தை மட்டும் பார்த்து விடும் எச்சரிக்கை இந்த இரவைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. நம் வீடுகளில் முதியவர்கள் தனியாக இல்லை, மகனோ மகளோ கூட இருக்கிறார்கள், அதனால் தனிமை மேல்நாட்டு நோய் என்கிறார்கள். குடும்பங்கள் மாறிவிட்டன என்பதை இங்கே யாருக்கும் புள்ளிவிவரம் காட்டி நிறுவ வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13 விழுக்காட்டுக்கு மேல். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே முதிய மாநிலங்களில் ஒன்று இது. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, ஊரில் கணவனும் மனைவியும், பிறகு இருவரில் மிஞ்சிய ஒருவரும் இருக்கிறார்கள். கூட்டாக வாழும் வீட்டிலும் காலை எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் மாலை ஆறு மணி வரை பாட்டி தனியாகத்தான் இருக்கிறார், அதுவும் கடும் வெயில் நேரம் முழுவதும். குடும்ப அட்டையில் ஐந்து பெயர் இருப்பதால் அந்தப் பத்து மணி நேரத் தனிமை இல்லை என்றாகிவிடாது. தன்னால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கும் தலைமுறை அது. கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போக முடியாது என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் முதிய பெண்கள் எத்தனை பேர் என்று எந்த அலுவலகமும் எண்ணுவதில்லை. ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற வாசகத்துக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக்குப் போய்வரும் கால்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். படுக்கையில் இருப்போருக்கு வலிதணிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வாசலில் இறக்கியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் பெயரும் முகவரியும் அதற்காகத் திரட்டப்பட்டன. கர்ப்பிணிகளின் விவரம் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது, கைக்குழந்தைகளின் விவரம் அங்கன்வாடியில் இருக்கிறது. யார் நீர் மாத்திரை எடுக்கிறார், யாரால் கடைக்கு நடக்க முடியவில்லை, யாருக்கு இது எட்டாம் மாதம் என்பதெல்லாம் ஏதோ ஒரு நோட்டிலோ செயலியிலோ ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பிரான்ஸ் இருபது ஆண்டுகளாகத் திரட்ட முடியாமல் திண்டாடும் பட்டியல், இங்கே மாத்திரைக்காகவும் அரிசிக்காகவும் தானாகவே திரண்டுவிட்டது. கர்ப்பிணிகளை இதில் சேர்ப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கிடைத்த ஆதாரம் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு போன்ற கேடுகளின் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. செய்ய வேண்டியது, வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த அன்றே இந்தப் பட்டியல்களிலிருந்து அந்தந்தத் தெருவுக்கான பத்துப் பதினைந்து பெயர்கள் அந்தத் தெருவின் தன்னார்வலர் கைக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்வது.

போய் என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் இதுவும் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும். உள்ளே நுழைந்ததும் அறையின் புழுக்கம் தெரியும். கையில் ஒரு மலிவான வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமாகப் பேசுவதுபோல் பேசுகிறாரா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். நாக்கு வறண்டிருக்கிறதா, காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தார், அது அடர்மஞ்சளாக இருந்ததா என்று கேட்க வேண்டும். குடத்துத் தண்ணீர் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது அறிவுரையைவிடப் பெரிய விஷயம். மோரோ, நீராகாரமோ, உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொடுத்து, கண்ணெதிரே குடிக்க வைக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். நீர் மாத்திரையைத் தாமாக நிறுத்தச் சொல்லக்கூடாது, ஆனால் செவிலியருக்குத் தகவல் போக வேண்டும். மின்விசிறி பற்றியும் தெளிவு வேண்டும். காற்று உடம்பைவிட மிகவும் சூடாகிவிட்டால் விசிறி வெப்பத்தைத்தான் உடம்பில் ஏற்றும். முதியவருக்கு 38 டிகிரி வரை பலன் தரும், வியர்வையைக் குறைக்கும் மருந்து எடுக்கும் முதியவருக்கு 37 வரைதான் என்று 2021-இல் வந்த கணிப்பு சொல்கிறது. அதற்குமேல், கழுத்திலும் கையிலும் காலிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்கார வைப்பதுதான் உதவும். ஷீட் வீடானால் பகல் நேரத்தை மட்டுமாவது பக்கத்து மாடி வீட்டுக் கீழ்த்தளத்திலோ நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ கழிக்க வழி செய்ய வேண்டும். கூட்டிப்போக ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் யார் தருவது என்பதுவரை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். குளிர்ந்த கூடத்தைத் திறந்துவைத்துவிட்டு மக்கள் வரவில்லையே என்று அங்கலாய்த்த நகரங்கள் பல. நடக்க முடியாதவருக்குக் கூடம் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இவ்வளவையும் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆளுக்கொரு ஏசி கொடுத்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. கடும் வெப்பத்தில் குளிர்சாதனத்தைப்போல் உயிர்காப்பது வேறில்லை. பல ஆய்வுகள் அதைச் சொல்கின்றன. மருத்துவமனை வார்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் மனநலக் காப்பகங்களிலும் அது ஆடம்பரமல்ல, கட்டாயத் தேவை. ஆனால் ஷீட் கூரைக்கு ஏசி நிற்காது. நின்றாலும் மின்கட்டணத்துக்குப் பயந்து அதை அணைத்துவைப்பவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். சிகாகோவில் வெப்பம் உச்சத்தில் இருந்தபோதே ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. எல்லா வீட்டுக்கும் ஏசி வரும்வரை இருபது முப்பது கோடைகள் கடந்துவிடும். அதுவரை மனிதர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். இடையில் செய்யக்கூடியவை உண்டு: கூரைக்கு வெள்ளைப் பூச்சு, எச்சரிக்கை நாள்களில் கட்டணம் கட்டாததற்காக இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பது. அமெரிக்காவின் பிலடெல்பியா 1995-லிருந்து இந்த இரண்டாவதைச் செய்கிறது. கூடவே முதியோருக்குத் தொலைபேசி உதவி, தெருப் பொறுப்பாளர்கள், வீடு தேடிப்போகும் குழுக்கள் என்று எச்சரிக்கையோடு ஆட்களையும் கட்டிவைத்தது. முதல் மூன்று ஆண்டுகளில் 117 உயிர்களை அது காத்ததாக மதிப்பிட்டார்கள். அதற்கு நகராட்சிக்கு ஆன கூடுதல் செலவு மிகச் சிறியது.

இந்த யோசனைக்கு எதிரான வாதங்களில் எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது, தன்னார்வலர்களின் பக்கத்திலிருந்து வருவது. வீடு வீடாக நடப்பவர்களும் பெண்கள், அவர்களில் பலர் ஏழைகள். அவர்கள் வீட்டுக் கூரையும் ஷீட்தான். சொற்ப ஊக்கத்தொகைக்கு ஏற்கெனவே கணக்கெடுப்பு, முகாம், செயலியில் பதிவு என்று சுமை ஏறியிருக்கிறது. அவர்களையே நடு வெயிலில் இன்னும் பத்து வீட்டுக்கு அனுப்புவது எளியவரைக் காக்கும் பெயரில் வேறு எளியவரை வாட்டுவதாகும். ஆகவே இதைத் தொண்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எச்சரிக்கை நாள்களுக்குத் தனிப்படி தர வேண்டும், மற்ற வேலைகளை அந்த நாள்களில் தள்ளிப்போட வேண்டும். நடை காலை ஒன்பதுக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் இருக்க வேண்டும், நடுப்பகலுக்குத் தொலைபேசி. அதிலும் எடுக்காதவர் வீட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டார் ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். அந்தப் பக்கத்து வீட்டாரின் பெயரும் எண்ணும் கோடைக்கு முன்பே பட்டியலில் இருக்க வேண்டும். கடும் எச்சரிக்கை நாள்கள் ஒரு கோடையில் பெரும்பாலும் சில வாரங்களுக்குமேல் போகாது. அந்த நாள்களுக்கு மட்டும் ஊதியம் கொடுத்து ஆள் வைக்க முடியாத அரசு இங்கே இல்லை. தண்ணீர்ப் பந்தல் திறந்து பெயர் வாங்கிக்கொள்ளும் கட்சிகளும் மன்றங்களும் இந்த ஆட்டோச் செலவை ஏற்றுக்கொண்டால் அதுவும் நல்ல பலன் தரும். பந்தலுக்கு வர முடிந்தவரின் தாகத்தைத்தான் பந்தல் தீர்க்கும்.

பட்டியல் என்றதும் அந்தரங்கம் பற்றிய கவலை எழுவது இயல்பு. இன்ன வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்ற தகவல் தவறான கைக்குப் போனால் நகைக்கும் உயிருக்கும் ஆபத்து. இன்னாருக்கு மனநோய் மருந்து போகிறது என்பது தெரிந்தால் தெருவில் அவமானம். அதனால்தான் பட்டியல் தெருவளவில் துண்டுதுண்டாக இருக்க வேண்டும் என்கிறேன். தன்னார்வலருக்கு நோயின் பெயர் தேவையில்லை, பெயரும் வாசலும் போதும். ‘வெயில் காலத்தில் வந்து பார்க்கலாமா’ என்று மாத்திரை கொடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக்கூடாது. ஆனால் படிவம் நிரப்பாததையே மறுப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தாள், தூய்மைப் பணியாளர், செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நிற்பவர்கள், உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் ஆகியோருக்குக் கதவு தட்டுவது உதவாது. அவர்களின் ஆபத்து கூலியில் இருக்கிறது. உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் போகும் என்றால் நிழல் இருந்தும் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது வேலை நேர மாற்றமும், சம்பளம் பிடிக்காத ஓய்வும், அதை மீறும் முதலாளிக்குத் தண்டனையும்தான். குஜராத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, குறிப்பிட்ட அளவுக்குமேல் வெப்பம் போனால் உறுப்பினர்களுக்குத் தானாகப் பணம் போகும் காப்பீட்டை முயன்று, 2024-இல் சுமார் 50,000 பெண்களுக்குத் தொகை கொடுத்தது. ஆளுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய்தான் என்றாலும், வெயிலுக்கு ஒதுங்கும் உரிமைக்கு ஒரு விலை உண்டு, அதை வேறு யாரோ கொடுக்க வேண்டும் என்பதை அது நடைமுறையில் ஒப்புக்கொண்டது.

கடைசியாக, இந்த ஏற்பாடு பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மரணங்களை எண்ணியாக வேண்டும். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. ஆனால் வீட்டில் இறந்த எழுபத்தைந்து வயதுக்காரரின் மரணம் ‘மாரடைப்பு’ என்றோ ‘வயோதிகம்’ என்றோதான் ஏட்டில் ஏறும். வெயிலில் விழுந்தவரின் மரணம் மட்டுமே வெப்ப மரணமாகும். அப்படி எண்ணினால் வீட்டுக்குள் இறப்போர் கணக்கிலும் வரமாட்டார்கள், நிவாரணத்திலும் வரமாட்டார்கள். அவர்களுக்கான பணியாளரும் நிதியும் தேவையில்லை என்றே கோப்புகள் சொல்லும். இதற்கு மாற்று என்ன என்று வெளியே தேட வேண்டாம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த வீட்டுக்கே போய், கடைசி நாள்களில் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எங்கே தாமதம் என்று உறவினரிடம் கேட்டுப் பதிவுசெய்யும் தணிக்கையை இந்த மாநிலம் 1990-களிலேயே தொடங்கியது. தாய்மார் மரணம் குறைந்ததில் அதற்குப் பங்குண்டு. அதே கேள்வித்தாளில் சில வரிகளை மாற்றினால் போதும்: கூரை எதனால் ஆனது, விசிறி ஓடியதா, மின்சாரம் இருந்ததா, என்ன மாத்திரை எடுத்தார், இறப்பதற்கு முந்தைய நாள் அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு. ஒவ்வொரு ஆரஞ்சு எச்சரிக்கைக்கும் பிறகு பத்து நாள்களுக்குள், அந்த வட்டாரத்தில் வீட்டில் நடந்த மரணங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு இந்த விசாரணையைச் செய்துவிட வேண்டும். பட்டியலில் இருந்தும் யாரும் போகாத வீடு எது, பட்டியலிலேயே இல்லாத வீடு எது என்பது அப்போது தெரியும். அடுத்த கோடைக்கான பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.